அறுபது, முப்பது, பத்து

1

மகளுக்கு ஒரு செய்தி அனுப்பி முக்கால் மணி நேரம் ஆகிறது. பதில் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இங்கே காலை எட்டரை மணி. இன்னும் விடியவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானி மைனஸ் முப்பத்தொன்று காட்டுகிறது. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடக்குப் பக்கம் இருக்கும் இந்தச் சிறிய ஊருக்கு நாங்கள் வந்து பதினேழு வருடம் ஆகிறது. நான் சிங்காநல்லூர்க்காரி. கோயமுத்தூரில் வேதியியல் படித்துவிட்டு வந்து, இங்கே ஓர் இயற்கை எரிவாயு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

சரியாகப் போன வருடம் இதே நாள், என் மகள் தாரணியின் முகத்துக்கு நேரே தீ வந்தது. பிழைத்துக்கொண்டாள். அந்தத் தீக்கு ஆறு மாதம் முன்னால் நான் ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைக் குறித்திருந்தேன். இரண்டுக்கும் உள்ள தொடர்பைத்தான் எழுதப்போகிறேன்.

இன்றைக்கு வேலைக்குப் போக முடியாது என்று முன்பே விடுப்பு சொல்லியிருந்தேன். காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். அவருக்கு அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

"ஏனம்மணி, நம்ம வீதில பூராக் குழி வெட்டிப் போட்டானுங்க. மஞ்சக் குழாய் பதிக்கறாங்க. இனி ஊட்டுக்குள்ளாறயே கேஸ் வருமாமா. நீ அந்த வேலைலதான இருக்கற? நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தைல சொல்லு. உங்கொண்ணி சிலிண்டரே போதும்ங்கறா."

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் மீத்தேன்தான், கனமானதெல்லாம் முன்பே நீக்கியிருப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "அப்புறம் ஏன் உன்ற குரல் இப்படி இருக்குது?" என்றார். தேதி அவருக்கு ஞாபகமில்லை. நானும் சொல்லவில்லை.

ஃபோனை வைத்த சிறிது நேரத்தில் தாரணியிடமிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் செய்தி. அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று சொன்னால் புரிய வேண்டுமே. முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

2

பூமியிலிருந்து வரும் எரிவாயு ஒரே பொருள் இல்லை. மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன் என்று லேசானதிலிருந்து கனமானது வரை ஒரு கூட்டமே கலந்து வருகிறது. எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் கருவிக்குக் குரோமட்டோகிராஃப் என்று பெயர். மயிரிழை போன்ற ஒரு நீளக் குழலுக்குள் வாயுவை ஓட விட்டால் லேசானவை முதலில் வெளியே வரும். கனமானவை தங்கித் தங்கி வரும்.

சிங்காநல்லூரில் கிளம்பும் பல்லடம் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மீத்தேன் ஒண்டிப்புதூரிலேயே இறங்கிவிடும். அடுத்தடுத்த நிறுத்தங்களில் ஈத்தேனும் புரொப்பேனும் பியூட்டேனும் இறங்கும். பெண்டேன் சூலூர் வரை வரும். அதற்கு மேல் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன், அதற்கும் அப்பால் உள்ளவை. அவர்கள் ஒவ்வொருவராக இறங்கும்வரை காத்திருந்தால் நேரமாகும். குழாய் வழியில் மாட்டியிருக்கும் கருவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை அது கணக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே சூலூர் தாண்டியதும் வண்டியைப் பின்னால் எடுத்து, மீதிப் பேர் அத்தனை பேரையும் ஒரே கும்பலாக இறக்கிவிட்டுவிடும்.

பிறகு கணினி அந்தக் கும்பலைத் தானாகப் பங்கு பிரிக்கும். நூற்றில் அறுபது ஹெக்சேன், முப்பது ஹெப்டேன், பத்து ஆக்டேன். யாரும் அவர்களிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கருவியை நிறுவிய நாளில் ஒருவர் அந்த மூன்று எண்களைத் தட்டச்சு செய்திருப்பார். அவ்வளவுதான். திரையில் பார்த்தால் மற்ற எண்களைப் போலவே தெரியும். அளந்தது எது, நம்பிக்கொண்டது எது என்று பார்வையில் வித்தியாசம் இருக்காது.

வாயு எரிந்தால் எவ்வளவு சூடு தரும் என்று கணக்கிட இது போதும், பெரிய பிசகு வராது. ஆனால் குளிரில் எந்த வெப்பநிலையில் வாயுவுக்குள்ளிருந்து எண்ணெய் போன்ற திரவம் துளிக்க ஆரம்பிக்கும் என்ற கணக்கு இருக்கிறதே, அதற்குப் பனிநிலை என்று பெயர். அதைத் தீர்மானிப்பது கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேர்தான். கும்பலில் ஆக்டேனுக்கும் அப்பாற்பட்டது ஒரு சிட்டிகை கூடினால் போதும். திரவம் துளிக்காது என்று கருவி சொல்லும் குளிரில் குழாய்க்குள் துளித்துக்கொண்டிருக்கும்.

3

எங்கள் ஆலையில் அந்த மூன்று எண்களையும் போட்டவர் க்ளென். என் மேலதிகாரி. தப்பாகப் போடவில்லை. அன்றைய கிணறுகளுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

க்ளென் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலையே இல்லை. வந்த புதிதில் என் படிப்பை இங்கே ஒப்புக்கொள்ள வைப்பதற்கே இரண்டு வருடம் போயிற்று. மதிப்பெண் சான்றிதழ் பல்கலைக்கழக முத்திரை வைத்த உறையில் நேராக வர வேண்டும் என்றார்கள். அண்ணன் மருதமலை ரோட்டில் உள்ள அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். உறை வந்தது. அதில் பெயர் ஆர். சாந்தாமணி. பாஸ்போர்ட்டில் அந்த 'ஆர்' ரங்கசாமி என்று விரிந்திருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று உறுதிமொழிப் பத்திரங்கள். கடைசியில் இந்த நாட்டில் என் அப்பாவின் பெயர்தான் நிலைத்தது. பதினைந்து வருடமாக அலுவலகத்தில் நான் 'ரங்கா'.

ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த என்னை நேர்காணலில் உட்கார வைத்து, குரோமட்டோகிராஃப் ஓட்டத் தெரியுமா என்று கேட்டு, மறுநாளே ஆய்வுக்கூடத்தில் விட்டவர் க்ளென். அவர் செய்ததைத் தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

நாங்கள் இங்கே வந்தபோது தாரணிக்கு வயது ஆறு. முதல் நாள் பள்ளியில் ஆசிரியை பால் வேண்டுமா என்று கேட்டதற்கு 'நோ'ங்க என்றாளாம். அதை அவள் தோழிகள் பத்து வருடம் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பெயர் டாரா ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் பாதியில் நிறுத்திவிட்டு, கருவி பழுது பார்க்கும் தொழிற்பயிற்சிக்குப் போனாள். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "ஊரெல்லாம் புள்ளைங்கள டாக்டராக்கறான், நீ வால்வு திருப்ப வுட்டிருக்கற" என்றார். நானும் அவளிடம் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னேன். எங்களுக்குள் பேச்சு குறைந்தது.

பயிற்சி முடிந்து அவள் சேர்ந்தது எங்கள் ஆலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்தில். எங்கள் குழாய் அங்கேதான் போய்ச் சேர்கிறது. என் கருவி பார்த்து அனுப்பிய வாயு அரை நாளில் என் மகள் நிற்கும் இடத்தைக் கடந்து போகும். ஆரம்பத்தில் அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

4

அந்த வருடக் கோடையில் புதிதாகச் சில கிணறுகளை எங்கள் குழாயில் இணைத்தார்கள். வழக்கம்போல வருடத்துக்கு ஒருமுறை வாயு மாதிரி அடைத்து வரும் சிலிண்டரைச் சூடாக்கி (சூடாக்காவிட்டால் கனமானவை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்) ஆய்வுக்கூடத்தின் பெரிய கருவியில் ஓடவிட்டேன். இதற்குப் பொறுமை உண்டு. கடைசி ஆள் இறங்கும்வரை காத்திருக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே வரக்கூடாத இடத்தில் சின்னச் சின்ன மேடுகள் எழுந்தன. ஆக்டேனுக்கு அப்பால் நோனேன், டெக்கேன், அதையும் தாண்டி. கணக்குப் போட்டேன். வழியில் இருக்கும் கருவி பனிநிலை மைனஸ் பதினெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தில் உள்ள எல்லை மைனஸ் பத்து. என் கணக்கில் வந்தது மைனஸ் மூன்று. அதாவது குளிர் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே துளிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது சிலிண்டரையும் ஓட்டிப் பார்த்தேன். அதே மைனஸ் மூன்று.

எண்களை மாற்ற வேண்டுமானால் ஒரு மாற்றக் கோரிக்கைப் படிவம் நிரப்ப வேண்டும். ஒன்பது பக்கம். ஏழாம் பக்கத்தில் அபாயத்தின் அளவு: குறைவு, நடுத்தரம், அதிகம். குறைவு என்றால் படிவம் அடுத்த பராமரிப்புவரை கோப்பில் கிடக்கும். அதிகம் என்று குறித்தால் அன்றே கூட்டம் கூடும். பழைய எண்களை யார் போட்டது, ஏன் மறுபடி பார்க்கவில்லை என்று க்ளெனை எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கோடைக்காலம் வேறு, வெளியே பிளஸ் இருபத்தைந்து.

குறைவு என்பதில் குறித்தேன்.

கூடவே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர் பேரன் பிறந்ததை விசாரித்து, புதிய பம்பு நன்றாக ஓடுகிறது என்று சொல்லி, நான்காவது பத்தியில், கனமான பகுதியின் பங்கு கொஞ்சம் மாறியிருப்பது போலத் தெரிகிறது, அடுத்த பராமரிப்பின்போது நேரம் கிடைத்தால் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தேன்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த நான்காவது பத்தியின் அர்த்தம் புரியும் என்று நினைக்கிறேன். என் அப்பா கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் அச்சு வார்ப்பு மேஸ்திரி. ஒருநாள் உருக்கிய இரும்பைக் கரண்டியில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மணல் அச்சு ஈரமாக இருப்பதாக அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஈர அச்சில் இரும்பு விழுந்தால் வெடிக்கும். முதலாளியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒருக்கா பாத்துக்கிட்டாத் தேவலைங்க." முதலாளி அந்த நொடியே கையைத் தூக்கி அத்தனை பேரையும் நிறுத்திவிட்டார். அவருக்கு அந்தப் பேச்சின் கனம் தெரியும். எங்கள் பக்கம் ஒருவர் அதற்கு மேல் சத்தமாகப் பேசினால் அது சண்டை.

அப்பா சொன்ன மாதிரிதான் நானும் சொன்னேன். ஆனால் கேட்டவர் கணபதிக்காரர் இல்லை.

5

போன வருடம் இதே நாள். மைனஸ் முப்பத்துநான்கு. காலை ஏழே முக்கால். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். க்ளென் வாசலில் வந்து நின்றார். எப்போதும் காபிக் கோப்பையோடு வருவார். அன்று கை காலியாக இருந்தது. நிலையத்தில் ஹீட்டர் தீப்பிடித்தது, உன் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், வா, நான் வண்டி ஓட்டுகிறேன் என்றார்.

ஆஸ்பத்திரி நிலையத்தை ஒட்டிய ஊரில், அறுபது கிலோமீட்டர். வண்டியில் ஏறும்போதே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். குழாய் மண்ணுக்கடியில் வருவதால் வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அதற்குள் மைனஸ் ஏழெட்டுக்குக் கீழே போகாது. நிலையத்தில் அந்த வாயுவைச் சூடாக்கும் ஒரு ஹீட்டர் உண்டு. அதன் அடுப்பு எரிவதும் அதே வாயுவில்தான். அடுப்புக்குப் போகும் வழியில், துளித்த திரவத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கலன். ஒரு ஷிஃப்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து வடிக்க வேண்டும். பனிநிலை சரியில்லை என்று எங்கள் கருவி எச்சரித்தால் மணிக்கு ஒருமுறை. கருவி எச்சரிக்கவில்லை. அது அப்போதும் மைனஸ் பதினெட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தாரணி ஆறு மணிக்கு வடித்தாள். ஏழுக்குள் கலன் நிரம்பி வழிந்து திரவம் அடுப்புக்குள் போயிருக்கிறது. தீ மஞ்சளாகித் திணறும் சத்தம் கேட்டு, என்னவென்று பார்க்கக் கண்ணாடித் துளைக்கு அருகே குனிந்திருக்கிறாள்.

வலது முன்கையும் இடது கன்னமும். கண்கள் தப்பின, பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால். புருவம் இல்லாத அவள் முகம் பிறந்த அன்று பார்த்த முகம் போல இருந்தது. என்னைப் பார்த்ததும் தமிழில் பேசினாள். அதைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

"நான் வடிச்சேன் அம்மா. ஆறு மணிக்கு. புக்ல எழுதியிருக்கேன். நான் மறக்கல."

தெரியும் கண்ணு என்றேன். அதற்கு மேல் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

6

முதல் அறிக்கை பத்து நாளில் வந்தது. பனிநிலை இயல்பாக இருந்தது, ஆகவே கலனைச் சரியாக வடிக்காததே காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். தாரணிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். கையில் கட்டோடு அதைப் படித்தாள். அப்புறம் அவளே சந்தேகப்பட ஆரம்பித்தாள். ஒருவேளை வால்வை முழுதாகத் திறக்கவில்லையோ, கையுறை தடித்திருந்ததால் தெரியவில்லையோ என்று சாப்பாட்டு மேசையில் கையால் வால்வைத் திருப்புவது போலச் செய்து செய்து பார்ப்பாள்.

அந்தப் படிவத்தின் நகலும் மின்னஞ்சலின் நகலும் என் பையில் இருந்தன. நான்கு வாரம் வைத்திருந்தேன். ஏன் என்று என்னையே நூறு தடவை கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் உண்டு. க்ளெனுக்குக் கெட்ட பெயர் வரும் என்ற சாக்கும் உண்டு. உண்மையில், அவள் தெரிந்துகொள்வாள் என்பதுதான். அவள் மறுபடி ஒருநாள் மேசையில் காற்றில் வால்வைத் திருப்பியபோது என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் விசாரணைக் குழுவிடம் கொடுத்தேன். மாலையில் அவளிடமும் கொடுத்தேன்.

மின்னஞ்சலைப் படித்துவிட்டு, படிவத்தின் ஒன்பது பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். ஏழாம் பக்கத்தில் நின்றாள்.

"லோ. இது உன் கையெழுத்தா?"

"ஆமா."

"உனக்கு மைனஸ் மூணுன்னு தெரியும். தெரிஞ்சும் லோ."

"க்ளெனுக்கு மெயில்ல சொல்லியிருந்தேன்."

"படிச்சேன். பம்ப் நல்லா ஓடுதுன்னு சொல்லியிருக்கே."

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை நேராக அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

க்ளென் அதைவிடக் குறைவாகத்தான் பேசினார். மின்னஞ்சலை அவர் படித்திருந்தார். "அவசரமில்லை என்று நீதானே எழுதியிருந்தாய், ரங்கா. நான் உன்னை நம்பினேன்" என்றார். அதில் கோபம் இல்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டும்போது நான் கழிப்பறையில் இருந்தேன்.

தாரணியின் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு ஒன்று கொடுத்தார்கள். எங்கள் கருவியில் எண்களை மாற்றினார்கள். அவள் கை ஆறியதும் மாற்றல் கேட்டு, இன்னும் வடக்கே, வேறொரு குழாயில் உள்ள நிலையத்துக்குப் போய்விட்டாள். பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் ஒரு வரி எழுதினாள். தீபாவளிக்கு என் அண்ணனுக்குத்தான் முதலில்.

7

இன்று காலை வந்த படத்துக்கு வருகிறேன்.

ஒரு கருவியின் திரை. அவளுடைய புதிய நிலையத்தில் உள்ளது. மூலையில் மூன்று எண்கள், விரல் வைத்துக் காட்டியிருந்தாள். விரலுக்குப் பின்னால் முன்கையில் தழும்பு தெரிந்தது. அறுபது, முப்பது, பத்து. கீழே ஆங்கிலத்தில்: போன மாதம் புதுக் கிணறு சேர்த்திருக்கிறார்கள். ஹீட்டர் தீ கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. இது சரியா?

அவள் இருக்கும் இடத்தில் மைனஸ் முப்பத்தெட்டு என்று பார்த்தேன்.

என் விரல் தானாக முதலில் தட்டியது என்ன தெரியுமா? 'ஒரு தடவை பார்த்துக்கோ கண்ணு, ஒண்ணும் இருக்காது.' அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் இருந்தது. அழித்தேன்.

'அது யாரும் அளந்த எண் இல்லை. நம்பாதே. அடுப்புக்கு வாயுவை வெளியிலிருந்தே அடை. எல்லோரும் வெளியே போங்கள். இப்போதே.'

அனுப்பியது போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் வரும், போகும். கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. அந்தக் குழாயின் கட்டுப்பாட்டு அறை எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். ஓர் ஆள் எடுத்தான். நான் யார், எந்த நிறுவனம், ஏதாவது படிவம் போட்டிருக்கிறேனா என்று கேட்டான். இல்லை என்றேன். பதிவு செய்ய வேண்டும், அபாயத்தின் அளவு என்ன என்று போடட்டும் என்றான்.

அதிகம் என்றேன். அவன் தயங்கினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேற்றாளிடம் குரலை உயர்த்தினேன். "அதிகம் என்று போடு. தப்பாக இருந்தால் என் பெயரை எழுதிக்கொள். சாந்தாமணி. எஸ், ஏ, என்." பக்கத்து அறையிலிருந்து என் கணவர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்து நின்றார்.

நிலையத்தைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். சொன்னானா, தெரியாது. அதிலிருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணவர் எதிரே உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்.

ஒன்பதே கால். ஃபோன் அதிர்ந்தது.

தாரணி. நாலு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம், அடுப்பை அணைத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாள். கலனை வடித்துப் பார்த்தார்களாம். விளிம்பு வரை இருந்ததாம்.

அதைப் படித்துக் கணவரிடம் காட்டினேன். அவர் மேசையில் தலையை வைத்துக்கொண்டார். அதற்குள் இன்னொரு வரி வந்தது. இது தமிழில், ஆங்கில எழுத்தில்.

'இதே மாதிரி நம்பர் இன்னும் எத்தனை இடத்துல இருக்கும் அம்மா?'

ஜன்னலுக்கு வெளியே இப்போதுதான் வெளுக்கிறது. ஊரெங்கும் வீட்டுப் புகைபோக்கிகளில் வெள்ளைப் புகை நேராக எழும்பி நிற்கிறது. காற்றே இல்லை. ஒவ்வொரு புகைக்கும் கீழே ஓர் அடுப்பு, ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு குழாய், எங்கோ ஒரு திரை.

தெரியாது என்று எழுதி அனுப்பினேன்.